குப்பைத்தொட்டியில் ஒரு வஞ்சிரம்

"இது காலேஜா, பழைய பேப்பர் கடையா?"

பிரின்சிபால் அய்யாத்துரை கம்ப்யூட்டர் லேபின் குப்பைத்தொட்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அது சாய்ந்து, பிரிண்ட் எடுத்த காகிதமெல்லாம் லேப் அசிஸ்டென்ட் பீம்ராவின் செருப்பு மேல் கொட்டியது. குனிந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அய்யாத்துரைக்குக் கிடையாது.

"பசங்கதான் சார். பிரிண்ட் குடுத்துட்டு வந்து எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இந்தத் தொட்டி காலியா இருக்கணும். உன்னை பர்மனென்ட் பண்ற ஆர்டர் என் மேஜை மேலதான் கிடக்கு. தொட்டியைப் பார்த்துட்டுதான் கையெழுத்து!" வாசல்வரை போனவர் திரும்பினார். "திருவொற்றியூர்ல இருக்கிற தூசியெல்லாம் இங்கதான் இருக்கு, ஜன்னலை மூடுய்யா. அந்த மூணாவது ஃபேனுக்கு ஆள் சொல்லு. இந்த லேப்லேர்ந்து என் ரூமுக்கு ஒயர் இழுத்தியே, அன்னிலேர்ந்து என் பிரிண்டர் மக்கர் பண்ணுது. அதையும் வந்து பாரு."

"இதோ வரேன் சார்" என்ற பீம்ராவ், ஜன்னலை மட்டும் மூடிவிட்டு மற்றதை மறந்தார். பாவம், மனுஷனுக்கு அதைவிடப் பெரிய கவலை. ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்பே அவர் மனைவி ரமாபாய் வியாசர்பாடியில் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்து முடித்திருந்தாள்.

குப்பையைக் கிளறினார். முக்கால்வாசி ஒரே காகிதம். பெயரில்லை, வகுப்பில்லை. நட்டநடுவே ஒரு கவிதை மட்டும்:

வஞ்சிரமே! என் நெஞ்சைத்
துண்டு போட்டாய், மசாலா தடவினாய்,
வறுக்காமல் ஏனடி போனாய்?

மீன் என்றதும் பீம்ராவின் சந்தேகம் நேராகக் கல்மண்டபத்து மீன்காரர் வீட்டுப் பையன் பிரகாஷ் மேல் போய் விழுந்தது.

"இன்னா சார், மீனுன்னாலே என் தலையில கட்டிர்றதா? வஞ்சிரத்த வலையில பாத்தவன் எவனும் அத்த பொண்ணுன்னு சொல்லமாட்டான் சார்!"

பக்கத்தில் இருந்த சங்கமித்ரா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இவ்ளோ கலீஜா எய்தறவன் எங்க கிளாஸ்லயே கெடையாது சார்."

சரி, ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் காகிதத்தையாவது மிச்சம் பிடிப்போம் என்று ஒரு திட்டம் போட்டார் பீம்ராவ். குப்பையை நீவி எடுத்து, பின்பக்கத்தில் பிரிண்ட் எடுக்கும்படி மிஷினில் வைத்தார். மறுநாள் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுத் தாள் ஒவ்வொன்றின் முதுகிலும் வஞ்சிரம் படுத்திருந்தது. லெக்சரர்கள் முகத்தில் விட்டெறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாரும் புதுக் காகிதத்தில் மறுபடி எடுத்தார்கள். ஒரு தொட்டி இரண்டு தொட்டி ஆனது.

"பிரிண்டர் இருந்தாதானே பேஜாரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை அணைத்தே போட்டார். இருந்த குப்பையைக் கொட்டியதும் தொட்டி இரண்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. வியாழக்கிழமை ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, 'காகிதத்தை வீணாக்காதீர்' என்று வாசலில் ஒட்ட ஒரே ஒரு நோட்டீஸ் எடுக்கலாம் என்று பிரிண்டரைப் போட்டார். அவ்வளவுதான். அணைத்து வைத்திருந்த நேரமெல்லாம், காகிதம் வரவில்லையே என்று எவனோ திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறான். எல்லாம் உள்ளே வரிசையில் நின்றிருந்தன. வஞ்சிரமே, வஞ்சிரமே, வஞ்சிரமே என்று மிஷின் கக்கியது. நிறுத்துவதற்குள் மேஜை நிறைந்து தரைக்கு வந்துவிட்டது.

பீம்ராவுக்கு அழுகை முட்டியது. பிறகு கோபம் வந்தது. கோபத்தோடு யோசனையும் வந்தது.

சிவப்பு மார்க்கரை எடுத்தார். ஒவ்வொரு காகிதத்திலும் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இந்தக் கண்றாவியை எழுதிய கழுதை எது?' பசை டப்பாவோடு கிளம்பினார். நோட்டீஸ் போர்டு, கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட், மாடிப்படி என்று ஓர் இடம் விடவில்லை. குப்பையும் தீர்ந்தது, குற்றவாளியின் மானமும் போனது. காலேஜே நின்று படித்துச் சிரித்தது. பிரகாஷ் ஒவ்வொன்றின் கீழும் 'உப்பு பத்தல' என்று எழுதிக்கொண்டே வந்தான். பார்த்தும் பீம்ராவ் தடுக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசி ஒன்று மிச்சம் இருந்தது. தான் செய்த வேலை பெரியவர் கண்ணிலும் படட்டுமே என்று அதைப் பிரின்சிபால் அறைக் கதவிலேயே ஒட்டி, நாலு மூலையையும் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

கதவு திறந்தது. பியூன் பொன்னுரங்கம் தலையை நீட்டினார்.

"இங்கதான் கீறியா நைனா? எத்தினி வாட்டி சொன்னாரு, அய்யா பிரிண்டர வந்து பாக்கவே இல்லியே நீ! இன்னிக்கு அவுருக்குக் கல்யாண நாளு, அம்மாவுக்குக் குடுக்கணும்னு வஞ்சிரம் கிஞ்சிரம்னு இன்னாவோ பாட்டு எய்தி வச்சிகினு, வாரம் பூரா பட்டன அமுக்கிகினே கீறாரு, ஒரு பேப்பரு வரலியாம்!"