பதினொரு கொசு கொடுத்த வீடு

மாலிபாக் கிராமம்,
திங்கட்கிழமை காலை.

கொசு ஆராய்ச்சி நிலையத்துத் தலைமை டாக்டர் திரு. பர்த்தலோமியூ அவர்களின் மேலான சமூகத்துக்கு, எலிசா பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் ஏழு பன்றிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தாங்கள் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற கொசுக்களும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் கோயிலில் வேண்டிக்கொள்கிறேன்.

நான் ஜெரலினுடைய பாட்டி. தங்கள் நிலையத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கொசுவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரத்தில் படிக்கிறாளே, அந்தப் பெண். அவளுக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். கொசுவை ஆண்டவர் நாலே எழுத்தில் எழுதியிருக்கிறார் என்று அவள் சொன்னபோது, நான் படித்த ஐந்தாம் வகுப்பே கொசுவுக்குத் தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு, இது எந்த ஜாதிக் கொசு, இது கடைசியாக யார் இரத்தத்தைக் குடித்தது, இதன் உடம்பில் மலேரியா இருக்கிறதா என்று எல்லாம் சொல்லிவிடுகிறாள். எங்கள் பாதிரியாரால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்துகூட ஒரு மனுஷரிடமிருந்து இவ்வளவு விஷயம் வாங்க முடிந்ததில்லை.

வருகிற வியாழக்கிழமை அவள் கடல் தாண்டி வரும் பெரிய மனிதர்கள் முன்னால் நின்று எங்கள் கிராமத்துக் கொசுக்களைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று கேள்வி. தாங்கள் அதைத் தடுக்க வேண்டும். பேசினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும். தவறு அவள்மேல் இல்லை, என்மேலும் இல்லை. முழுத் தவறும் என் ஓரகத்தி பெர்பெத்துவாவுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு பாக்கு போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

போன மாதம் ஜெரலின் வந்து வீட்டுக்கு ஒரு காகிதக் கோப்பையும், வாயில் வைத்து உறிஞ்சுகிற ரப்பர்க் குழாயும் கொடுத்தாள். விடியற்காலையில் சுவரில் வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாயால் உறிஞ்சிக் கோப்பைக்குள் ஊதி, வலையால் மூடிவிட வேண்டும். அவரவர் வீட்டுக் கொசு அவரவர் கோப்பையில். மூன்று நாள் பிடிக்க வேண்டும். என்னிடம் தனியாக வந்து, “பாட்டி, வாயில பாக்கு இருக்கும்போது குழாயத் தொடாத”ன்னு சொன்னாள். தொடவில்லை. ஒரு தடவைதான் தொட்டேன். அந்தக் குழாய் இப்போதும் சிவப்பாகத்தான் இருக்கிறது, மன்னிக்கவும்.

முதல் நாள் விடிந்ததும் எல்லாக் கோப்பைகளையும் ஊர் கூடுகிற மரத்தடியில் வரிசையாக வைக்கச் சொன்னாள். அங்கேதான் வினை பிடித்தது. தாங்களும் இந்தக் கடற்கரையில் பிறந்தவர், தங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் ஊரில் எதை வரிசையாக வைத்தாலும், கிழங்குக் குவியலோ பன்றியோ பாயோ, எந்த வீட்டுக் குவியல் சிறியது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சிறிய குவியல் வைத்தவளை அவள் பேத்தி கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். பெர்பெத்துவா கோப்பையில் நாற்பத்தெட்டு. பாதிரியார் வீட்டில் முப்பது. என் கோப்பையில் பதினொன்று.

பெர்பெத்துவா குனிந்து எண்ணினாள். பிறகு இன்னொரு தடவை எண்ணினாள், முதல் தடவை எண்ணாதவள் மாதிரி.

“என்னக்கா, சொந்தப் பேத்தி வந்திருக்கா, பதினொண்ணோட அனுப்புறியே? உன் வீட்டுல கொசுவுக்குக்கூட ஒண்ணும் கிடைக்காது போல.”

“என் வீடு சுத்தமா இருக்குடி. பெருக்குறேன், புகை போடுறேன், வலைக்குள்ள படுக்குறேன். உன் வீடு மாதிரியா?”

“சுத்தத்தக் கோப்பையில போட்டுக் குடுக்க முடியாதேக்கா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெரலின், “பதினொண்ணும் நல்ல எண்ணிக்கைதான் பாட்டி, குறைஞ்சா நல்லதுதான்”னு சொன்னாள். பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றச் சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? குறைந்தால் நல்லது என்று எந்த விருந்தில் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

மறுநாள் விடியுமுன் நான் குழாயை எடுத்துக்கொண்டு பன்றிக் கொட்டடிக்குப் போனேன். பன்றியும் என் வீட்டுப் பன்றி, கொட்டடியும் என் வீட்டுக் கொட்டடி, ஆக அந்தக் கொசுவும் என் வீட்டுக் கொசுதானே என்பது என் எண்ணம். தாய்ப்பன்றியின் காதுக்குப் பின்னால் மட்டும் இருபது இருந்தது. உறிஞ்சி உறிஞ்சி எனக்குத் தாடை வலித்துவிட்டது, நடுவில் இரண்டை விழுங்கியும்விட்டேன், ஆனால் மரத்தடியில் வைத்தபோது என் கோப்பையில் எண்பத்திரண்டு. கோப்பை தேன்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. பெர்பெத்துவா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

அன்றைக்கே லாரி ஏறி, ராமு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலத்தில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் காலை மடியில் பால்பவுடர் டின்னோடு வந்து இறங்கினாள். நூற்று இருபது கொசு. அக்காள் பிள்ளைகளையெல்லாம் கொசுவுக்கு இரையாக உட்கார வைத்துப் பிடித்திருக்கிறாள். ஆறு தாண்டி, இரண்டு லாரி மாறி, பயணச்சீட்டில்லாமல் நூற்று இருபது பேர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். தன் கோப்பையில் மாற்றும்போது நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என் கொட்டடியைச் சொல்வாள். இந்த வயதில் நாங்கள் இருவரும் முதல்முறையாக ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கோப்பைகள் போய்விட்டன, விஷயம் முடிந்தது என்றிருந்தேன். சனிக்கிழமை ஜெரலின் போன் செய்தாள்.

“பாட்டி, உன் வீட்டுக் கொசு ஒரு அதிசயம் காட்டியிருக்கு. ரெண்டாம் நாள் பிடிச்ச எண்பத்திரண்டும் பன்றி இரத்தம்தான் குடிச்சிருக்கு. ஒண்ணுகூட மனுஷனத் தொடல.”

“அப்படியா?”

“வீட்டுக்குள்ள சுவருல பிடிச்சதுதானே?”

“வீட்டுல பிடிச்சதுதான்.”

“பெர்பெத்துவா பாட்டி வீட்டுல அதவிட அதிசயம். ராமு சதுப்புல மட்டும் இருக்குற கொசு வந்திருக்கு. கண்ணால பாத்தா நம்ம ஊர்க் கொசு மாதிரியேதான் இருக்கும், எழுத்தப் படிச்சாத்தான் வேறன்னு தெரியும். எப்படி வந்துச்சுன்னு உனக்கு எதாவது தோணுதா பாட்டி?”

“பறந்து வந்திருக்கும்மா.”

“அறுபது கிலோமீட்டரா?”

“காத்து பலமா அடிச்சுதே.”

பிறகு, “சரி பாட்டி, வியாழக்கிழமை இதெல்லாம் பேசப்போறேன்”னு சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சேப்பங்கிழங்கு இறங்கவில்லை. பிள்ளை எல்லார் முன்னாலும் நின்று மாலிபாக் கொசு மனுஷரைக் கடிக்காது என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டு அடுத்த வருஷம் எங்களுக்கு வலை தராமல் விட்டுவிட்டால், அப்புறம் உண்மை தெரிந்து எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தால், நான் எந்த முகத்தோடு மரத்தடிக்குப் போவேன்?

அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பதினொன்றுக்கு வெட்கப்பட்டவள் எண்பத்திரண்டை எப்படி ஒப்புக்கொள்வாள்? ஆகவே பெரியவராகிய தாங்களே, மாலிபாக் கோப்பைகள் வழியில் கொட்டிப்போயின என்று ஒரு வார்த்தை சொல்லி அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பதினொன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவை என் வீட்டுச் சுவரிலேயே பிடித்தவை, சத்தியம். எழுதும்போது மனசு கேட்கவில்லை: தவறு முழுக்கப் பெர்பெத்துவாவுடையது என்று மேலே எழுதியதைப் பாதியாகக் குறைத்து வாசிக்கவும். இனி எந்தக் காலத்திலும் யார் வீட்டுக் கொசுவையும் என் கோப்பையில் சேர்க்க மாட்டேன்.

தங்கள் தோட்டத்தில் கிழங்கு கொழுக்கட்டும். தங்கள் பன்றிகள் இரட்டிக்கட்டும். தங்களைக் கொசு கடிக்காதிருக்கட்டும், கடித்தாலும் அது நல்லதையே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஜெரலினின் பாட்டி,
எலிசா (ஐந்தாம் வகுப்பு, தேர்ச்சி).

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: இக்கடிதத்தை லாரிக்காரரிடம் கொடுக்கப் போனால், அதே லாரியிலிருந்து ஜெரலின் இறங்குகிறாள். ஆதலால் மேலே கண்டவற்றைத் தாங்கள் வாசிக்க வேண்டியதில்லை. அவளுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். “நீயா சொல்றியான்னு பாக்கத்தான் போன் பண்ணேன்”னு சிரிக்கிறாள். எண்பத்திரண்டையும் நூற்று இருபதையும் அன்றைக்கே ஒதுக்கிவிட்டாளாம். அவள் வந்தது பதினொன்றுக்காக. அந்தப் பதினொன்றும் குடித்தது ஒரே ஆளின் இரத்தமாம். அதில் மூன்றில் மலேரியாவும் இருந்ததாம். “இந்த வீட்டுல ஒரே ஆள்தானே பாட்டி இருக்கா? வலை எங்க?” என்று கேட்டாள். எங்கே இருக்கும்? அவள் கல்யாண வரிசையில் வைக்கப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன், மூன்று வருஷத்து வலை மூன்றும். அவளே ஒன்றைப் பிரித்துக் கட்டினாள். விரலில் குத்திப் பார்த்து மாத்திரையும் கொடுத்தாள். இதை வலைக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நம் ஊரிலேயே உருப்படியான கோப்பை உன்னுடையதுதான், பதினொன்றையும் வைத்துத்தான் வியாழக்கிழமை பேசப்போகிறேன் என்று பெர்பெத்துவா காதுபடச் சொன்னாள்.

இருந்தாலும் பதினொன்றோடு பிள்ளையைச் சபையில் நிறுத்த எனக்கு மனமில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பையின் அடியில் இக்கடிதத்தோடு ஒரு பால்பவுடர் டின் வைத்திருக்கிறேன், தாங்களே திறக்கவும். நூற்றைம்பது இருக்கிறது. பன்றிக் கொட்டடிக் கொசு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெர்பெத்துவா வீட்டுச் சுவரில் பிடித்தவை.