சார்ஜ் மாமாவின் டெபுடி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கரோல் பாக்கில் இட்லி மாவு அரைத்து விற்கிற நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளேயே வைத்திருந்தால் வெடித்துவிடுவேன். சார்ஜ் மாமா மாதிரி மனிதரைப் படுத்துகிறவர் டில்லியிலேயே வேறொருவர் கிடையாது.

என் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். லீவில் போகிறவர் தன் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஆபீஸில் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். மாமா கத்தரிக்காய் வாங்கப் போனாலும் வீட்டை எனக்கு சார்ஜ் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

"தண்ணி வந்தா பிடி. பால் வந்தா வாங்கு. பூகம்பம் வந்தா எனக்கு போன் பண்ணு."

அப்படிப்பட்டவர் சாவதை மட்டும் சார்ஜ் கொடுக்காமல் செய்வாரா? அவரிடம் டெபுடி என்று ஒரு தெருநாய். மூன்று வேளையும் தயிர் சாதம். தனக்குப் பின் அதை யார் பார்ப்பது என்று தெரு முழுக்க ஆள் தேடினார். எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் ஆசையாகக் கேட்டாள். "பராட்டா போட்டே அவனைக் கொன்னுடுவேள்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதை அவளுக்கு ஹிந்தியில் சொல்கிற வேலையை எனக்கு சார்ஜ் கொடுத்தார்.

மிச்சம் நான்தான். கொட்டும் மழையில் டெபுடியைத் தோளில் சுமந்துகொண்டு மிருக டாக்டரிடம் ஓடியவன். எனக்குப் போய் பரீட்சை வைத்தார்! கூடத்தில் கால் நீட்டிப் படுத்து, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் போயிட்டேன்னு வெச்சுக்கோ. அவனைக் கூட்டிண்டு கீழே போ."

"டெபுடி, வா" என்றேன். அது மாமாவின் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உரக்கக் கூப்பிடுடா! என் காதுலயே விழல."

"செத்தவங்க பேசக்கூடாது மாமா."

அதற்குள் வாசலில் எட்டிப் பார்த்த பஞ்சாபி அம்மாள் "ஹாய் ரப்பா!" என்று கடவுளைக் கூப்பிட்டு அலறினாள். தெருவே திரண்டது, ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். மாமா எழுந்து உட்கார்ந்தார். மாலைக்காரர் படியில் உருண்டார்.

"ஃபெயில்" என்றார் மாமா என்னிடம். "குரலே இல்லாதவனுக்கு நாய் எதுக்கு?"

என்ன திமிர்! நான் கூச்சக்காரன்தான், அதற்காக? வாராவாரம் படுத்தார். வாராவாரம் ஃபெயில்.

போன தை மாதக் குளிரில், தூக்கத்திலேயே, நிஜமாகப் போய்விட்டார். யாருக்கும் சார்ஜ் கொடுக்கவில்லை. கீழே சுடுகாட்டு வண்டி வந்து நின்றது. டெபுடி அவர் வயிற்றில் தலை வைத்துக்கொண்டு, நெருங்கியவர்களைப் பார்த்து உறுமியது. நாய் பிடிக்கிறவர்களைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

வந்த ஆத்திரத்தில் தெருவே கேட்கக் கத்தினேன். "இத்தனை வாட்டி செத்துக் காட்டினீங்களே மாமா! பாஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

டெபுடி தலையைத் தூக்கியது. எழுந்து வந்து என் காலடியில் நின்றது. போர்வைக்குள்ளிருந்து ஏதாவது குரல் வருமா என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

மறுநாள் கடை திறந்தேன். டெபுடி தயிர் சாதம் சாப்பிட்டது.