கட்டைவிரல் ரயிலின் வெள்ளோட்டம்

கட்டைவிரல் ரயில் நகரவில்லை.

பிரிவுத் தலைவர் மின்விசைப் பெட்டியின் திருகைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குத் திருப்பினார். பத்திலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பினார். மீண்டும் பத்துக்குப் போனார். பயணம் செய்தது திருகு மட்டுமே. கூடத்துத் தரையில் வட்டமாகப் பொருத்தப்பட்ட தண்டவாளத்தின்மேல், கோபித்துக்கொண்டு உட்கார்ந்த மாப்பிள்ளையைப்போல இயந்திரம் அசையாமல் இருந்தது.

"கரண்ட் இருக்கான்னு பாருங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"விளக்கு எரியுதே!"

"விளக்கும் எரியுது, உங்க வயிறும் எரியுது. ரயில்தான் ஓடல."

வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவர் வேலை செய்த தொழிற்சாலை முப்பது ஆண்டுகளாகப் பூசணிக்காய் அளவில் பொம்மை ரயில் செய்து பெயர் வாங்கியது. அதை ஓட்ட வேண்டுமானால் வீட்டிலுள்ள கட்டில், பீரோ, பெரியவர்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டும். "வீடுகள் சுருங்கிவிட்டன; ரயிலும் சுருங்க வேண்டாமா?" என்று மூன்று ஆண்டுகள் வாதாடி, சிற்றளவு ரயிலுக்கென்று தனிப்பிரிவையும் பன்னிரண்டு தொழிலாளர்களையும் பெற்றவர் இவர்.

முதலாளி தலையசைத்த கையோடு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"சின்ன வீட்டுக்கு ஏத்த ரயில்னு நீதானே சொன்ன? உன் வீட்டை விடச் சின்ன வீடு எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமை மொத்த வியாபாரிங்களை அங்கயே கூட்டிட்டு வரேன். ஓடிச்சுன்னா நீ தலைவர். ஓடலைன்னா பிரிவை மூடிடுவேன். பன்னண்டு பேரும் வீட்டுக்குப் போகட்டும், நீ பழையபடி அட்டைப்பெட்டி ஒட்டப் போ."

அன்று வியாழக்கிழமை.

இயந்திரத்தைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று எவரும் கேட்கலாம். அதன் அடிவயிற்றில் சிவப்பு அரக்கு முத்திரை இருந்தது. ஒரு பிரிவு முத்திரையிட்டதை இன்னொரு பிரிவு திறக்கக் கூடாது என்பது தொழிற்சாலையின் சட்டம். அதை மீறுவது அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம்மோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் போதித்து வந்தவர் அவர். ஆகவே, குற்றம் இயந்திரத்துக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும்.

உடன் வந்த கையேட்டைப் பிரித்தார். முதல் வரியே, 'சக்கரங்கள் தானாகச் சுழல்கிறது' என்று இருந்தது. அப்போதே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் பாராதவர்கள், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்குமா பொருத்தம் பார்த்திருப்பார்கள்? ஆனால், அவர் வரைபடப் பிரிவுக்குத் தொலைபேசினார்.

"வளைவு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் வரைபடக்காரர்.

"ஒரு முழம்."

"அதான் விஷயம்! பெரிய வளைவா போடுங்க."

"சின்ன ரயிலுக்குப் பெரிய வளைவா?"

"சின்னக் குழந்தைக்குத்தானே சார் ஓடி விளையாட நிறைய இடம் வேணும்?"

மறுக்க முடியாத வாதம். வட்டத்தைப் பெரிதாக்கினார், படுக்கையறைச் சுவர் குறுக்கே நின்றது. உடனே மைத்துனனை வரவழைத்தார். அவன் கொத்தனார். கட்டியதைவிட இடித்ததில் அவனுக்குப் பெயர் அதிகம்.

"ஓட்டை எந்த அளவுல வேணும் மாமா? எலி போறாப்லயா, பூனை போறாப்லயா?"

"என் கட்டைவிரல் போனாப் போதும் மாப்ளே."

அவன் உளியை எடுத்தான். சுவரின் அடியில், ஓர் ஆள் படுத்தவாக்கில் உருண்டு போகும் அளவுக்கு வழி பிறந்தது.

"என்னடா இது?"

"ரயில் நாளைக்கு வளராதா மாமா? நான் எதையும் சின்னதா யோசிக்கிறதில்ல."

புதிய பாதையில் இயந்திரத்தை வைத்தார்கள். திருகைத் திருப்பினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, அது ஒரு சாண் தூரம் தானாக நகர்ந்தது.

"ஓடுதுடா! ஓடுது!" பிரிவுத் தலைவர் தரையில் குப்புறப் படுத்து அதற்கு முத்தம் கொடுத்தார்.

"வாசக்கதவு சாத்த மாட்டேங்குதுங்க," என்றாள் மனைவி.

"மழைக்காலத்துல மரம் உப்பும். ரயிலைப் பாரு!"

வளைவைப் பெருக்கினால் ஓட்டம் பெருகும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை சமையலறைச் சுவரையும் திறந்தார்கள். இப்போது ரயில் படுக்கையறையிலிருந்து புறப்பட்டுக் கூடத்தைக் கடந்து சமையலறைவரை ஒரே மூச்சில் ஓடியது. ஆனால், போன ரயில் திரும்பவில்லை. சமையலறை மூலையை அடைந்ததும், மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் சொக்கிப்போன மருமகனைப்போல அங்கேயே தங்கிவிட்டது.

"திரும்புற வளைவு போதல," என்றது தொலைபேசி. "இன்னும் அகலமா எடுங்க."

அகலமாக எடுக்க, கூடத்தின் நடுத்தூண் தடையாக இருந்தது. மைத்துனன் அதைத் தட்டிப் பார்த்தான்.

"இந்தத் தூண் எதுக்கு மாமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதானே கொத்தனார்?"

"அழகுக்கு வெச்சிருப்பாங்க," என்று தீர்ப்பளித்துவிட்டு, அதன் அடிப்பாகத்தில் பாதியைச் செதுக்கி எடுத்தான்.

சனிக்கிழமை ரயிலின் வேகம் இரு மடங்காயிற்று. விசில் இல்லாத குறையை அம்மி, கட்டில், பாத்திர அலமாரி ஆகியவை சிறு சிறு முனகல்களால் தீர்த்துவைத்தன. திரும்பிவரத்தான் அது இன்னமும் மறுத்தது. ஆயிரம் ரூபாய்க்குக் குதிரை வாங்கியவன் சேணத்துக்கு அழுவானா? பிரிவுத் தலைவர் சமையலறை மூலையில் 'கடைசி நிலையம்' என்று அட்டையில் எழுதி நட்டார்.

"வந்த ரயிலை நீ காப்பித் தட்டுக்கு அடியில மறைச்சு எடுத்துட்டுப் போய்ப் படுக்கையறையில வெச்சிரு. யாருக்கும் தெரியாது," என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"சின்ன வீட்டுக்கு ஏத்த ரயில்னீங்க. இப்ப ரயிலுக்கு ஏத்த வீடா இதை ஆக்கிட்டீங்க. படுக்கையறையில படுத்துக்கிட்டே அடுப்புல பால் பொங்குறது தெரியுது எனக்கு!"

"பன்னண்டு குடும்பம்மா!"

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, தூக்குறேன். ஆனா திங்கக்கிழமை என் சுவரெல்லாம் எனக்குத் திரும்பி வந்தாகணும்."

ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் எட்டு வியாபாரிகளும் வந்தார்கள். அனைவரும் வசதி படைத்தவர்கள்; வசதி உடம்பிலும் தெரிந்தது. ரயில் வந்து சேரும் அழகைக் காணச் சமையலறைப் பக்கமாக ஒரே வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பிரிவுத் தலைவர் இயந்திரத்தைப் படுக்கையறைத் தண்டவாளத்தில் வைத்தார். திருகைத் தொடுவதற்காகத் திரும்பினார். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. சுவர்த் துளையில் நுழைந்து, கூடத்தைக் கிழித்துக்கொண்டு, கடைசி நிலையத்தின் அட்டையை இடித்துத் தள்ளி, முதல் வியாபாரியின் மடியில் ஏறி நின்றது.

"கரண்ட் போடறதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சேய்யா!" என்று அவர் வாய் பிளந்தார்.

"எங்க கம்பெனிச் சரக்கு யாரையும் காக்க வைக்காது," என்றார் முதலாளி, அந்தக் கணம்வரை தமக்கே தெரியாதிருந்த பெருமையுடன்.

"அது எப்படித் திரும்பி வரும்?" என்று ஒருவர் சந்தேகப்பட்டார்.

"காப்பி எடுத்துக்கோங்க," என்று மனைவி தட்டோடு குறுக்கே புகுந்தாள். தட்டு நகர்ந்தபோது மடியிலிருந்த ரயிலைக் காணவில்லை. அடுத்த நிமிடம் அது படுக்கையறையிலிருந்து முன்னிலும் வேகமாகப் பாய்ந்து வந்தது. எட்டுப் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தூண் 'கிர்' என்றது.

"எனக்கு ஐந்நூறு பெட்டி!"

"எனக்கு ஆயிரம்! வேகம் மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க!"

முதலாளி பிரிவுத் தலைவரைக் கட்டித் தழுவினார். "பன்னண்டு பேர் இல்லய்யா, உனக்கு அம்பது பேர் தரேன்!" பிரிவுத் தலைவரின் கண்கள் கலங்கின. மனைவிகூடக் கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போது, சாத்த மறுத்த வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தொழிற்சாலையின் சீருடை அணிந்திருந்தாள். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. நான் மோட்டார் பிரிவு. நாலு நாளா ராத்திரி பகலா உக்காந்து இப்பதான் முடிச்சோம். பொருத்திட்டுப் போயிடறேன், வண்டியைக் குடுங்க."

"எதைப் பொருத்தப் போற?"

"மோட்டாரைத்தான். பெரிய ரயிலுக்கு மோட்டாரை முதல்ல வெச்சு, அப்புறம் உடம்பை மூடுவாங்க. இது ரொம்பச் சின்னதாப் போனதுல மோட்டார் தயாராகல. உடம்புப் பிரிவுக்காரங்க அவங்க வேலை முடிஞ்சுதுன்னு முத்திரை வெச்சு உங்களுக்கு அனுப்பிட்டாங்க."

"உளறாதம்மா," என்று சிரித்தார் முதலாளி. "இது பறக்குது. நீயே பாரு!"

ஒரு வியாபாரி எடுத்துவந்து நீட்டிய இயந்திரத்தை, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து அவள் வாங்கினாள். நகத்தால் அரக்கைப் பெயர்த்துத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மூடியைத் திரும்பப் போட்டு, இயந்திரத்தைக் குனிந்து வாசலோரத் தரையிலேயே வைத்தாள். தண்டவாளமே இல்லாத வெறுந்தரையில் அது கூடத்தைக் கடந்து, செதுக்கிய தூணைச் சுற்றிக்கொண்டு, சமையலறைச் சுவரில் போய் 'டங்' என்று மோதியது. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து முதலாளியின் காப்பியில் விழுந்தது.

உள்ளே வைத்திருந்த ஒரு காலை அந்தப் பெண் மெல்ல வெளியே எடுத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஐயா, ரயில் நல்லாத்தான் இருக்கு, சாஞ்சிருக்கிறது வீடுதான், யாரும் தும்மாம ஒவ்வொருத்தரா வெளிய வாங்க."