புகைந்த பொறியைத் திரும்ப எடுக்காதீர்

பிரிக்பீல்ட்ஸ்,
11.3.1993, வியாழன்

கிள்ளான் துறைமுகக் கிடங்கில் பணியாற்றும் அன்பு மைத்துனர் வாசுவுக்கு,

வணக்கம். நும் அக்காள் சீதாலெட்சுமியும் நானும் நலம். நீரும் நலமாகவே இருப்பீர் என்னும் நம்பிக்கையில், நலம் கேட்கும் பகுதியைச் சுருக்கிக்கொண்டு முறையீட்டுக்கு வருகிறேன். நேற்றுத் தொலைபேசியில் நீர், "விடுங்க மாமா, சனிக்கிழமை லோரி கொண்டாந்து மிஷின ஏத்திட்டுப் போயிடுறேன். செலாயாங்குல வீரம்மாக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றீர். என் மறுமொழியின் முன்னுரையை நான் முடிப்பதற்குள் தொலைபேசியை வைத்தும்விட்டீர். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்: சுமையுந்து வேண்டா! நீர் அன்பளிப்பாகத் தந்த பாத்திரம் கழுவும் பொறி இந்த இல்லத்தைவிட்டு அகலலாகாது. சோப்பு நீரில் ஊறி ஊறி வெடித்த நும் அக்காளின் கைகளை நீர் அறிவீர். ஆறு திங்கள் அவள் சோப்பைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர். பொறி வந்த மூன்றே கிழமையில் வெடிப்பு ஆறி, முறுக்கு மாவைத் தானே பிசைந்தாள். பெண் விடுதலைக்காக முப்பதாண்டுகள் மேடைகளில் முழங்கிய நான் செய்யாததை, அந்தப் பொறி மூன்று கிழமையில் செய்தது. அது புகைந்த நாள்முதல் நாங்கள் வாழையிலையில் உண்கிறோம். நாள்தோறும் என்ன விருந்து என்று அண்டை வீட்டார் கேட்கின்றனர். ஆயினும் தொட்டியில் குவிந்த பானைகளை நோக்கி அவள் கை நீளும்போதெல்லாம் "தொடாதே!" என்று முழங்குகிறேன்.

நடந்ததைக் கேளும். ஞாயிறு மாலை எங்கள் பேச்சாளர் மன்றத்தின் வெள்ளிவிழா, சிறப்புரை என்னுடையது. காலையில் அவள் சந்தைக்குச் சென்றிருந்தாள். துணை புரியும் எண்ணத்தோடு, வாழ்நாளில் முதன்முறையாக, அப்பொறியை நானே நிரப்பினேன். எட்டுப் பீங்கான் தட்டுகள், ஐந்து குவளைகள், இட்லித் தட்டுகள். கூடவே, மாலையில் மேடையில் மின்னவேண்டும் என்று, பத்தாண்டுகளுக்குமுன் மன்றம் எனக்குச் சூட்டிய பொற்பதக்கம். பொறியை முடுக்கிவிட்டுக் கண்ணாடிமுன் உரையைப் பயின்றுகொண்டிருந்தபோது, கதவிடுக்கிலிருந்து கரும்புகை எழுந்தது. நான் அஞ்சவில்லை; எத்தனையோ ஒலிவாங்கிகள் என்முன் புகைந்திருக்கின்றன. புகை வெளியேற வாயிற்கதவைத் திறந்தேன். மூன்று மாடி மக்களும் திரண்டுவிட்டனர். வாசு, நீரே சொல்லும்: நாற்பது பேர் கூடி, அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்து நின்றால் நான் என்ன செய்வேன்? பேசினேன். அடுப்படி அடிமைத்தனம் குறித்துப் பத்து நிமிடம் பேசினேன். எதிர்வீட்டுத் தங்கமணி அம்மையார்தாம் இடைமறித்தார்:

"அண்ணே, பேச்சு அப்புறம் லா! மொதல்ல பிளக்கப் புடுங்குங்க!"

கீழ்மாடி விஜயன், தொடர்வண்டிப் பணிமனைக்காரர், கூட்டத்தைப் பிளந்து உள்ளே சென்று மின்சாரத்தை நிறுத்தினார். எழுந்த கைதட்டல் எனக்கா அவருக்கா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. எனக்கே எனக் கொண்டு, முடிவுரையில் ஓர் அறைகூவல் விடுத்தேன்: "இப்புகைக்குக் காரணமானவர் எவராயினும், என் உறவினரே ஆயினும், இவ்வீட்டுப் பாத்திரங்களை ஓராண்டுக் காலம் தம் இரு கைகளாலும் கழுவக் கடவர்!"

பிறகு விஜயன் உள்ளே குனிந்து பார்த்தார். "அண்ணே, மிஷின் நல்லாத்தான் இருக்கு. அடியில ஹீட்டர் மேல என்னமோ பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிச்சு. வியாழக்கிழமைதான் எனக்கு ஓய்வு. வந்து சுரண்டிடுறேன்" என்றார். மஞ்சள் நிறக் கட்டி. தங்கமணி அம்மையார் இரவல் தந்த மஞ்சள் வடிகட்டியாக இருக்கலாம். கப்பலில் பணிபுரியும் ஒரு குடும்பத்தாரிடம் பொறியைப் பழையதாக வாங்கியபோது நீர் உள்ளே பாராமல் விட்ட ஏதேனும் ஒன்றாகவும் இருக்கலாம். நும்மை நான் ஐயுறவில்லை என்று சொல்ல இயலாது. இதற்கிடையே என் பொற்பதக்கத்தையும் காணோம். நெரிசலில் எவரோ எடுத்துவிட்டார் போலும். வெறும் மார்போடு மேடையேறினேன். போகட்டும். இன்று மாலை விஜயன் வருகிறார். பொறி பிழைக்கும், நும் அக்காளின் கைகளும் பிழைக்கும். சுமையுந்து மட்டும் வேண்டா.

நும் இல்லத்தில் நலம் பெருகுக. துறைமுகத்தில் நும் தோள்கள் வலிக்காதிருக்க!

அன்புடன்,
இரா. தம்புசாமி

பின்குறிப்பு: விஜயன் வந்தார்; சுரண்டினார். பொறி துளிப் புகையுமின்றி ஓடுகிறது. சுரண்டியெடுத்த கட்டியில் 'வேந்தர்' என்னும் நான்கு எழுத்துகள் மட்டும் உருகாமல் நிற்கின்றன. என் பதக்கத்தில் இருந்தது 'சொல்வேந்தர்'. பொன், வெந்நீரில் உருகாது. ஆகவே மன்றத்தார் பத்தாண்டுகளுக்குமுன் எனக்குச் சூட்டியது பொன் அன்று. இதனை நும் அக்காளிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் சிரித்தாள்; பின், "நாப்பது பேரு சாட்சிங்க" என்றாள். தொடர்ந்து அவளே சொன்னாள்: "தம்பிய சனிக்கிழமை லோரியோட வரச் சொல்லுங்க. அந்த மிஷினு வீரம்மாவுக்கே போகட்டும். எனக்குத்தான் புகையாத மிஷின் ஒண்ணு கெடச்சிருச்சே!"

ஆகவே தவறாமல் வருக. வரும்போது ரப்பர்க் கையுறை ஓரிணை, பெரிய அளவில், வாங்கி வருக. இன்றிரவு எட்டுத் தட்டுகளையும் நானே கழுவினேன். ஒன்றுதான் உடைந்தது.