தள்ளின கிலோமீட்டருக்குத் தள்ளுபடி

பூமியின் சுற்றளவு இத்தனை கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால், "யார் மீட்டர்ல பாத்தாங்க?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஸ்ரீராம்புரத்தில் இருந்தார். பெயர் என்னவென்று அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் மீட்டர்காரர். ஒக்கலிபுரத்தில் முப்பது வருஷம் ஆட்டோ மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடினாரே தவிர, அளப்பதை நிறுத்தவில்லை.

அவரிடம் வழி கேட்பவர் கதி அதோகதிதான். "மார்க்கெட் எவ்ளோ தூரம்ணே?" என்றால், "கோழிக்கடை வழியா எழுநூத்தி நாப்பது மீட்டர். ஆனா அவன் ரோட்டுல கூண்டு வெச்சிருக்கான், சுத்திப் போகணும். ஒம்பது மீட்டர் சேத்துக்கோ" என்பார். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரை வண்டியில் ஊர்வலம் வந்தபோது, கூடவே நடந்து காலடி எண்ணினார். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு கிலோமீட்டருக்குக் காசு வாங்கியிருக்கான். குதிரை நடந்தது எண்ணூறுதான்." தாலி கட்டும் நேரத்தில் அப்பா மேடையில் இல்லை, குதிரைக்காரனோடு வாசலில் இருந்தார்.

அவர் எதிரே வந்தால் நான் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவேன். அந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும்வரை.

என் மனைவி ஸ்டெல்லா டீச்சர். மூன்று வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த அவள் பணத்தில் வாங்கிய வண்டி. என் பங்கு, கலரைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் தப்பு செய்தேன் என்பது அவள் கட்சி. வாங்கிய ஞாயிறன்றே ஷோரூமிலிருந்து நேராக லால்பாக் போய்விட்டு வீட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை காலை, அவள் பள்ளிக்கூட வாசலில் மோட்டார் நின்றது. டிஸ்ப்ளே மட்டும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில். அன்று தள்ள ஆரம்பித்தவன், நாலு மாதம் தள்ளினேன். எங்கள் ஏரியாவில் நான் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களைவிடத் தள்ளிப் பார்த்தவர்களே அதிகம். "ஜிம்முக்கு எவ்ளோ கட்றீங்க சார்?" என்று டீக்கடையில் விசாரித்தார்கள்.

ஆறு தடவை ரிப்பேர் பார்த்துக் களைத்த ஷோரூம், கடைசியில் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தருவதாக ஒப்புக்கொண்டது. கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கேக் தீருவதற்குள் கடிதம் வந்துவிட்டது. மீட்டரில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருப்பதால் அதற்கு 'உபயோகக் கழிவு' போக மீதிதான் தருவார்களாம். கழிவு மட்டும் விலையில் கால்வாசி.

ஸ்டெல்லா கத்தவில்லை. "முழுசா வந்தா வேற வண்டி. இல்லேன்னா தினம் நீங்களே என்னை ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றாள். என் முதுகு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நேரே மீட்டர்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கடிதத்தை மூக்கில் உரசிக்கொண்டு படித்தார். "உபயோகம்னு போட்டிருக்கான். யாருக்கு உபயோகம்?" என்றார். "சரி, சர்வீஸ் சீட்டெல்லாம் எடுத்துக்கினு வா. ஒவ்வொண்ணுலயும் மீட்டர் எவ்ளோன்னு எழுதியிருப்பான்."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் ஷோரூமுக்கு வந்தார். மேனேஜர் மரியாதையான ஆள். "ரூல்ஸ் சார். ஓடினதுக்குக் கழிச்சுத்தான் ஆகணும்."

"கழி ராஜா, யாரு வேணாங்கறா? ஓடினதுக்குக் கழி. தள்ளினதுக்கு?"

"தள்ளினா மீட்டர் எப்படி சார் ஏறும்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி மீட்டர்காரர் எழுந்தார். "வா குரு, நீயே கொஞ்சம் தள்ளு."

டை கட்டிய மேனேஜர், சாவி போட்ட வண்டியை ஒர்க்‌ஷாப்பைச் சுற்றித் தள்ளினார். மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மீட்டரில் ஒரு புள்ளி ஏறியது.

"ஏறிச்சா? இப்ப நீ வண்டியை உபயோகிச்சிருக்க. சொகமா இருந்துச்சா? கழிவு கட்டிட்டுப் போ."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. மீட்டர்காரர் சிரிக்கவில்லை. சீட்டுகளை மேஜையில் பரப்பினார். "இது இங்க ரிப்பேருக்கு வந்து போனது. இது உங்க ஆளு டெஸ்ட் ஓட்டினது. இதெல்லாம் இவன் தள்ளினது. தள்ளினதையெல்லாம் தள்ளிடு."

மேனேஜர் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். "ஆய்து சார், சரி. கழிவே வேணாம். முழுசா தர்றோம்."

கும்பிட எழுந்த என்னை, மீட்டர்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"அதுவும் தப்பு. பதினெட்டு கிலோமீட்டர் கழிக்கணும்."

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"என்னாத்துக்கு மிதிக்கிற? லால்பாக் போய் வந்தது பதினாறு, ஸ்கூல் வாசல் வரைக்கும் ரெண்டு. அதுல எங்கயாவது தள்னியா?"

"இல்லண்ணே."

"ஸ்டெல்லா சந்தோசமா வந்துச்சா?"

"வந்தா."

"அப்ப அதான் உபயோகம். கழிச்சுக்கோ ராஜா."

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் புலம்பினால் அவள் சிரிக்கிறாள். "போகட்டும் விடுங்க. வேற வண்டிக்கு இதுவே தாராளம். அன்னைக்கு லால்பாக் நல்லாத்தானே இருந்துச்சு?"

இருந்தது. பின்னால் உட்கார்ந்து அவள் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தது, தள்ளித் தள்ளி எனக்கு மறந்தே போயிருந்தது.

மீட்டர்காரர் இப்போது சந்தாபுராவில் மகள் வீட்டில் இருக்கிறார். பணத்தை வாங்கிக் கொடுத்ததற்கு நூறு தடவை நன்றி சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை விலை கொடுத்து எங்களுடையதாக்கி வைத்தாரே, அதற்கு எப்படிச் சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.