கண்மூடி சாரின் கழுத்து

கத்தி கன்னத்தில் பாதி தூரம் இறங்கியபோது விரல்கள் பூட்டிக்கொண்டன.

கட்டைவிரல் உள்ளே மடங்கியது. மற்றவை அதன்மேல் குவிந்தன. ஒரு சிட்டிகை உப்பை எடுத்தவர் அதை எதில் போடுவதென்று மறந்து நிற்பதுபோல் இருந்தது. உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சவரக் கத்தி இருந்தது.

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் பார்த்தார். "என்ன நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். அசையாம இருங்க."

"நான் அசையலையே. நீங்கதான் ஆடுறீங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து மச்சினன் வந்தான். சலூன்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை எடுத்துக்கொண்டான். குழந்தை கையிலிருந்து கண்ணாடிச் சாமானை வாங்குவதுபோல் வாங்கினான்.

வாடிக்கைக்காரர் ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்தார். அப்போதுதான் சலூன்காரரின் கழுத்து அவர் கண்ணில் பட்டது. காலருக்குச் சற்று மேலே, குறுக்காக, இன்னும் சிவப்பு மாறாத ஒரு கோடு.

"இது யாரு பண்ண சவரம்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

"துண்டோட போயிட்டார்," என்றான் மச்சினன்.

கழுத்துக் கோடு ஆபரேஷன் தந்தது. தைராய்டு வீங்கிக் கட்டியாகிவிட்டது, முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது அதன் முதுகில் ஒட்டியிருந்த நாலு குட்டிச் சுரப்பிகளுக்கும் அடிபட்டுவிட்டது. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. உடம்பில் கால்சியத்தைக் காவல் காப்பது அவற்றின் வேலை. அப்படி நாலு பேர் தன் கழுத்தில் குடியிருப்பதே சலூன்காரருக்குத் தெரியாது. அடிபட்ட பிறகுதான் அறிமுகம்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "அதெல்லாம் தூங்குது. முழிச்சுக்கும்."

"எப்ப டாக்டர்?"

"அது முழிக்கும்போது."

அதுவரை மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டுக்கு ஒன்று. பல மணி நேரம் கழித்து, சாப்பாட்டோடு, கால்சியம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது. சலூன்காரருக்கு அது புதிதல்ல. அவர் வீட்டில் மாமியாரும் மனைவியும் அப்படித்தான் இருந்தார்கள்.

ஆனால் கடை காலையிலேயே திறக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். சாப்பாடு ஒரு நாள் மதியம், ஒரு நாள் மாலை, ஒரு நாள் இல்லை. கால்சியமும் அதன் பின்னாலேயே போனது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்கள் பூட்டிக்கொண்டன.

"எல்லாத்தையும் காலைலயே ஒண்ணாப் போட்டு முழுங்கிடுங்க," என்றாள் மனைவி. "மறந்துபோற பேச்சே இல்ல."

முழுங்கினார். கால்சியம் தைராய்டு மாத்திரையை வேலை செய்ய விடவில்லை. சில வாரங்களில், கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே தூங்க ஆரம்பித்தார். ஒரு வாடிக்கைக்காரர் தன் தலையில் ஏதோ சாய்ந்திருப்பதை உணர்ந்து நிமிர்ந்து பார்த்தார். சலூன்காரரின் நெற்றி.

"தியானமா?" என்றார்.

அடுத்தது மஃப்ளர். தழும்பு தெரிவதால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது மனைவியின் முடிவு. மஃப்ளரின் நுனி முடி வெட்டும் மெஷினுக்குள் போனது. மெஷின் விடவில்லை, இழுத்தது. கழுத்து இறுகி, முகம் சிவந்து, கண் பிதுங்கி, சலூன்காரர் வாடிக்கைக்காரரின் காதருகே குனிந்துகொண்டே போனார். அந்த வாடிக்கைக்காரர் பாதித் தலையோடு போனவர் போனவர்தான்.

கால்சியம் மாத்திரையைக் கடையிலேயே வைத்து மென்று பார்த்தார். சுண்ணாம்புபோல் உதட்டில் ஒட்டியது. அவர் ஏதோ வெள்ளைத் தூளைப் போடுகிறார் என்று தெரு பேசியது. நெஞ்சு எரிந்தது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். நெஞ்சு குளிர்ந்தது. விரல்கள் முன்னைவிட அதிகமாகப் பூட்டிக்கொண்டன.

"நான் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரருக்குப் பெரிய டாக்டரே தன் கையால ஆபரேஷன் பண்ணாருன்னு. நீங்க இப்படிக் கையை மடக்கிக்கிட்டு நின்னா அவருக்குத்தானே கெட்ட பேரு?"

கடை மாமனார் விட்டுப்போனது. மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி சலூன்காரருடையது. வெளிச்சம், மின்விசிறி, தெருவில் போகிறவர்களின் வணக்கம் எல்லாம் அதற்குத்தான். இரண்டாவது நாற்காலிக்குச் சுவர்.

ஒரு நாள் சாப்பிடும்போது மச்சினன் பேச்சை எடுத்தான். தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. உங்க நாற்காலில உக்காற ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அது உங்களுதுதான். யாரு இல்லேங்கிறா? ஆனா ஒரு ஆளாவது வேணும்ல."

"இல்லேன்னா?"

"துண்டு துவைக்கவும் ஆள் வேணுமே மாமா."

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த ஒரு ஆள் இருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கடைக்கு வந்த ஒரே புது வாடிக்கை அவர்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். நேராக முதல் நாற்காலியில் உட்காருவார். தலையைச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். கத்தி இறங்கும்போதும் ஏறும்போதும் நடுங்கும்போதும் திறக்க மாட்டார். கடையில் அவருக்குக் கண்மூடி சார் என்று பெயர்.

என்ன வேலை என்று அவர் சொன்னதில்லை. கேள்வி கேட்கிற தோரணையை வைத்து, கணக்கு வாத்தியார் என்று சலூன்காரர் தீர்மானித்திருந்தார். நகங்களை ஒட்ட வெட்டி, கையை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். சாக்பீஸ் பிடிக்கிற கை இப்படி இருக்குமா என்று ஒரு தடவை தோன்றியது. இப்போதெல்லாம் போர்டில் எழுதப் பேனா வந்துவிட்டது என்று சமாதானம் ஆகிவிட்டார்.

"சார், நான் வரட்டுமா?" என்று மச்சினன் ஒவ்வொரு முறையும் கேட்பான். "சீக்கிரம் முடிஞ்சிடும்."

"எனக்கு அவசரமில்ல. அவரே பண்ணட்டும்."

சலூன்காரருக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு கத்தி பிடிப்பது நல்லதல்ல. ஒரு நாள் தாடையில் கீறிவிட்டார். ரத்தம் நுரையில் இறங்கியது.

"ஐயோ சார்."

"பரவாயில்ல." கண் திறக்கவில்லை. "கைன்னா தவறும்."

படிகாரத்தை வைத்து அழுத்தினார். எரிந்திருக்கும். அவர் முகம் சுளிக்கவில்லை. எரியட்டும் என்று இருப்பவர்போல் இருந்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் சார். இப்ப மறுபடி காலைல எல்லாத்தையும் ஒண்ணா."

"ஒண்ணாவா?" தலை லேசாக அசைந்தது. "ஒண்ணாப் போடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கும் ஏதாவது போடுறீங்களோ?"

"எப்படி சார் தெரியும்?"

"கேட்டேன். அதை நிறுத்துங்க. அது இருந்தா கால்சியம் உடம்புல சேராது. ஆஸ்பத்திரில போய்க் காட்டுங்க, வேற கால்சியம் எழுதித் தருவாங்க."

சலூன்காரர் இதை வீட்டில் சொன்னார்.

"வாத்தியாரு மருந்து சொல்றாரா?" என்றாள் மனைவி. "மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாததா?"

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கணக்குக்கு வாத்தியார், மருந்துக்கு மருந்துக்கடை. நெஞ்செரிச்சல் மாத்திரை தொடர்ந்தது.

ஒரு வாரத்தில் கடையிலேயே விழுந்தார். இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கிக்கொண்டன. பாதங்கள் வளைந்தன. தொண்டை இறுகியது. நல்லவேளையாக நாற்காலியில் யாரும் இல்லை. கொஞ்ச நாளாகவே இருப்பதில்லை. மச்சினன் ஒரு வண்டியைப் பிடித்து அக்காவோடு அவரை ஏற்றிவிட்டான்.

"நீயும் வாடா," என்றாள் அக்கா.

"கடையை யாரு பாக்குறது?" என்றவன் முதல் நாற்காலியின் தூசியைத் தட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்துத் தள்ளிப்போன தள்ளுவண்டிக்காரர் பேச்சுத் துணைக்குக் குறை வைக்காதவர். "என்ன தொழில்?"

"சலூன்," என்றார் சலூன்காரர் இறுகிய வாயால்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா? ரொம்பத் தைரியம். உங்களுக்கு இல்ல, உக்கார்றவங்களுக்கு."

"ஒருத்தர்தான் உக்கார்றார்."

"அவரைப் பாக்கணுமே. கழுத்தில இதென்ன, இங்க பண்ணதா?"

"பெரிய டாக்டர் கையால பண்ணது," என்றாள் மனைவி முந்திக்கொண்டு.

தள்ளுவண்டிக்காரர் அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "கடை எங்க இருக்குன்னு சொன்னீங்க?" என்றார்.

நரம்பு வழியாகக் கால்சியம் மெல்ல இறங்கியது. உடம்பில் ஒரு சூடு பரவியது. விரல்கள் மொட்டு விரிவதுபோல் விரிந்தன. நர்ஸ் வந்து மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தாள். நெஞ்செரிச்சலுக்கு இனி எதுவும் வேண்டாம். கால்சியத்தை மாற்றியிருக்கிறது. தைராய்டு மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது. கூடவே, கால்சியத்தை உடம்பு வாங்கிக்கொள்ள ஒரு சின்ன கேப்ஸ்யூல்.

"எங்க வாத்தியாரும் இதையேதான் சொன்னார்," என்றார் சலூன்காரர்.

"எந்த வாத்தியார்?"

"கணக்கு வாத்தியார்."

நர்ஸ் அவர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்தத் தடவை அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. மாத்திரையை அதனதன் நேரத்தில் போட்டார். சாப்பாட்டு வேளை வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் அளவு ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. கழுத்தில் தூங்கிய நாலு பேரில் ஒருவராவது முழித்திருக்க வேண்டும். வீட்டில் பலூனை ஊதி, நுரை பூசி, கத்தியால் மழித்தார். பலூன் வெடிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் வெடிக்கவில்லை. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மச்சினன் பலூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பலூனுக்குத் தாடி வளராது மாமா. உங்களுக்கு வாடிக்கை?"

"ஒரு ஆள் போதும்னு நீதான் சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

மறுநாள் கண்மூடி சார் வந்தார். முதல் நாற்காலியில் மச்சினனின் பை இருந்தது. சலூன்காரர் அதை எடுத்துச் சுவரோரம் வைத்தார். சார் உட்கார்ந்தார். சாய்ந்தார். மூடினார்.

நுரை பூசி, புது பிளேடு போட்டு, சலூன்காரர் தொடங்கினார். வலது கன்னம். இடது கன்னம். மேலுதடு. கத்தி காகிதத்தில் கோடு போடுவதுபோல் போனது. மச்சினன் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"கை நடுக்கம் நின்னுடுச்சு சார்," என்றார் சலூன்காரர். "கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"அளவும் சரியாயிடுச்சு."

"சந்தோஷம்." அவர் மூச்சை விட்டார். ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. "அப்ப இன்னிக்கோட சரி. இனிமே நான் வர வேண்டியதில்ல."

சலூன்காரரின் கத்தி தாடைக்கு அடியில் நின்றது.

"என்ன சார் சொல்றீங்க?"

"என் வீடு ரொம்ப தூரம்."

"இவ்வளவு நாளும் தூரம்தானே சார். கை நடுங்கினப்ப வந்தீங்க. கீறினப்ப வந்தீங்க. நின்ன பிறகு போறேங்குறீங்க. நான் ஏதாவது தப்பு பண்ணேனா?"

"நீங்க இல்ல."

மச்சினன் எழுந்து வந்தான். சுவரோரம் இருந்த தன் பையை எடுத்தான். எங்கும் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரு ஆள்கூட இல்லேன்னா எனக்கு இந்த நாற்காலி இல்ல சார்," என்றார் சலூன்காரர் மெதுவாக. "வாரம் ஒரு தடவையாவது வாங்க. காசே வேண்டாம்."

கண்மூடி சார் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். சலூன்காரர் தோலை விரலால் இழுத்துப் பிடித்தார். கத்தியைக் குரல்வளையில் வைத்தார். அது இம்மிகூட ஆடவில்லை.

வாசல் கதவு திறந்தது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிக்காரர் முடி வெட்டிக்கொள்ள வந்திருந்தார். சலூன்காரரைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியில் நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நேராக நின்று நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார்.

கண்மூடி சார் சவரத்தின் நடுவே முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"உக்கார்ற அந்த ஒரு ஆள் நீங்கதானா டாக்டர்?" என்ற தள்ளுவண்டிக்காரர், சலூன்காரர் பக்கம் திரும்பினார். "பாத்து மழிங்கண்ணே, உங்க கழுத்துல கத்தி வெச்சது இந்தச் சின்ன டாக்டர்தான், பெரிய டாக்டர் அன்னிக்கு ஊர்லயே இல்ல."