மயிலுக்கு டிராக் பாடிய கொண்டைக்குருவி

ஒரு காட்டில் பாட்டுக்கென்று ஒரு நட்சத்திரம் இருந்தது. குயில் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு இன்னும் சினிமா பிடிபடவில்லை. நட்சத்திரம் மயில்தான். பெயர் நீலமேகம். அவர் வாயைத் திறந்து அகவினால் மேய்ந்துகொண்டிருக்கும் மான் வாயிலிருக்கும் புல்லைத் துப்பிவிட்டு ஓடும். ஆனால் மேடையில் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பாட்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றிவிடும்.

அவர் பாட்டெல்லாம் உருவானது மரங்கொத்தியின் ஸ்டுடியோவில். பட்டுப்போன இலுப்பை மரத்துப் பொந்துதான் ஸ்டுடியோ. மரங்கொத்திதான் இசையமைப்பாளர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டை முதலில் வேறொருவர் பாடிப் பதிவு செய்து வைப்பார். அதற்கு டிராக் என்று பெயர். பிறகு நட்சத்திரம் சாவகாசமாக வந்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அச்சு அசலாகத் திருப்பிப் பாடும். பிசிறெல்லாம் தட்டிச் சரிசெய்ய ஒரு பெட்டி இருந்தது. அது மயிலின் தொண்டையையும் மன்னித்துவிடும். கடைசியில் முதலில் பாடியவர் குரலை அழித்துவிடுவார்கள். நோகாமல் நொங்கு தின்பது என்று ஊரில் சொல்வார்கள். காட்டில் அதற்குத் தொழில் தர்மம் என்று பெயர்.

அந்த டிராக் பாடுகிறவள் தங்கமாரி என்கிற கொண்டைக்குருவி. காட்டில் எந்தக் கிளையில் எந்தப் பாட்டு ஒலித்தாலும் அதன் முதல் மூச்சு அவளுடையது. அதை யாரும் அறியாததுகூட அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. கட்டிக்கொண்டவனே அறியாததுதான் வருத்தம். அவள் கணவன் செல்லையா நல்லவன், பாசக்காரன். ஆனால் நீலமேகம் ரசிகர் மன்றத்தின் செயலாளர். கூட்டுக்குள் மயில் படம் மாட்டியிருந்தான். மனைவி ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, மன்றத்தில் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தான். ஒரே ஒரு தடவை, தன் குரலைத் தன் குரலென்று அவன் கேட்டுவிட வேண்டும். தங்கமாரிக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

ஒரு கோடையில் காதல் பாட்டு ஒன்றுக்கு டிராக் எடுத்தார்கள். பொந்துக்குள் காற்றே இல்லை. பாதிச் சரணத்தில் அவளுக்குத் தொண்டை ஒட்டிக்கொண்டது. மெட்டு விட்டுவிடக் கூடாதே என்று, அந்த ராகத்திலேயே இழுத்து, "சார், தொண்டை வறளுது, கொஞ்சம் தண்ணி தாங்க" என்று பாடிவிட்டாள். அப்புறம் வெட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். மரங்கொத்தி மறந்துவிட்டது. நீலமேகத்துக்கோ பாட்டு வரிகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. காதில் விழுந்தது வாயில் வரும், அவ்வளவுதான். நிலவைப் புகழ்ந்து, காதலியை அழைத்து, அதே உருக்கத்தோடு தண்ணீரும் கேட்டுவிட்டுப் போனார். நட்சத்திரத்தை நிறுத்தித் தப்பு என்று சொல்ல மரங்கொத்திக்கு என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?

பாட்டு மட்டும் தனியாக, சிங்கிள் என்ற பெயரில், வெளியானது. காடு பற்றிக்கொண்டது. அந்த வருடம் குட்டைகள் வற்றியிருந்தன. காட்டெருமைகள் அந்த ஒரு வரியைப் பாடிக்கொண்டே யானையின் குளத்துக்கு ஊர்வலம் போயின. முயல்கள் நாக்கைத் தொங்கவிட்டு ரீல்ஸ் போட்டன. விமர்சகர் ஆந்தை, காதலுக்குள் வர்க்கப் போராட்டத்தை ஒளித்துவைத்த முதல் பறவை நீலமேகம்தான் என்று எழுதியது.

தங்கமாரிக்கு அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது. தான் எதைப் பாடி வைத்தாலும் மயில் அதைப் பாடும். அப்படியென்றால் உண்மையைப் பாடி வைத்தால் என்ன? அவர் வாயாலேயே வந்துவிடுமே. அப்புறம் செல்லையா மறுக்க முடியுமா?

அடுத்த பாட்டு வந்தது. பல்லவி, சரணம் எல்லாம் ஒழுங்காகப் பாடினாள். கடைசியில், மெட்டு ஓய்கிற இடத்தில், ஒரு வரி சேர்த்தாள்: "இதைப் பாடுறது தங்கமாரி, நீலமேகம் இல்ல."

நீலமேகம் வந்தார், கேட்டார், பாடினார். அந்த வரியைப் பாடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. புகழின் உச்சியில் நின்று தன் பெயரையே துறந்த மகான் என்று காடு கையெடுத்துக் கும்பிட்டது. தங்கமாரி என்றால் நமக்குள் ஒளிந்திருக்கும் ஆத்மா என்று ஆந்தை ஒரு கருத்தரங்கமே நடத்தியது. அந்த மாதம் பிறந்த குட்டிகளில் பாதிக்குத் தங்கமாரி என்று பெயர் வைத்தார்கள், கடாக்குட்டி உட்பட. உண்மையான தங்கமாரி தெருவில் போனால், மயில் பாட்டைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டவள் போலிருக்கிறது என்று சிரித்தார்கள்.

செல்லையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மன்றத்துச் செயலாளர் பெண்டாட்டியின் பெயரைத் தலைவர் எப்படியோ விசாரித்துப் பாட்டில் போட்டுவிட்டார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். தங்கமாரி அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, அது என் குரலுங்க. அந்தப் பாட்டு மட்டுமில்ல, எல்லாப் பாட்டும்."

செல்லையா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அவள் தலையைக் கோதிவிட்டு, கனிவாகச் சிரித்தான்.

"எல்லாருக்கும் அப்படித்தான் புள்ள தோணுது. நம்ம குரல்லயே அவரு பாடுற மாதிரி இருக்கும். அதுதான் அவரு பெருமை."

அன்றைக்கு அவள் அழுதாள். பிறகு, இந்தக் காட்டில் உண்மையைக் காது கொடுத்துக் கேட்கிறவர் ஒருவர் உண்டு என்று கேள்விப்பட்டுத் தேவாங்கைத் தேடிப் போனாள். தேவாங்கு சுயாதீனப் படம் எடுப்பவர். சண்டை, நடனம், வில்லன் எதுவும் இருக்காது. ஓர் எருமை சேற்றிலிருந்து எழுந்திருப்பதையே முழுப் படமாக எடுத்து வெளிக்காடுகளில் பரிசு வாங்கியவர். எழுந்ததா இல்லையா என்பதைப் பார்ப்பவர் முடிவுக்கு விட்டிருந்தார். அவ்வளவு பெரிய கண்களோடு அவர் கேட்டபோது தங்கமாரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தேவாங்கின் கண்களில் குளம் கட்டியது. இது படமாகியே தீர வேண்டும் என்றார். உடனே கதையும் சொன்னார். குரலைப் பறிகொடுத்த ஒரு பறவை, கடைசிக் காட்சியில் ஆளில்லாத அறையில் தனக்காகத் தன் குரலில் ஒரு பாட்டுப் பாடுகிறது. கதையைக் கேட்கும்போதே தங்கமாரிக்கு உடம்பு சிலிர்த்தது.

"அந்தப் பாட்ட நான்தானே சார் பாடுறேன்?"

"நீங்கதாம்மா," என்றது தேவாங்கு. "டிராக்."

கொட்டகை யானையுடையது. நீலமேகத்தின் சிங்கிள் ஒன்றாவது இல்லாமல் இந்த மாதிரிப் படத்துக்குத் திரை கொடுக்க முடியாதென்று யானை சொல்லிவிட்டதாம். உண்மையைச் சொல்ல ஒரு கொட்டகை வேண்டாமா என்று தேவாங்கு மெல்லக் கேட்டது. அதன் கண்களில் இப்போதும் ஈரம் இருந்தது. அது அந்தக் கண்களின் வாகு என்பதைத் தங்கமாரி அப்போதுதான் கவனித்தாள்.

பதிவு நாளில் அவள் மைக் முன்னால் போய் நின்றாள். இசை ஓடியது. அவள் அலகைத் திறக்கவில்லை. பாடினால்தானே எடுத்துக்கொள்வீர்கள், எடுங்கள் பார்ப்போம் என்று கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றாள். நடுவில் மட்டும் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. இசை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பறந்துபோனாள்.

மரங்கொத்தி தலையில் அடித்துக்கொள்வதற்குள் நீலமேகம் வந்துவிட்டார். வந்தவரைக் காக்க வைக்க முடியுமா? போட்டுக் காட்டினார்கள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை உயர்த்தி, ஆரம்பம் முதல் கடைசி வரை பாடாமல் இருந்தார். பிறகு அடக்கமாகக் கேட்டார்: "நடுவுல ஒரு பெருமூச்சு வருது பாருங்க, அது இன்னும் உள்ள எறங்கணும். ஒன் மோர் போகலாமா?"

தேவாங்கு அழுதது. இதுதான் சினிமா என்றது. பின்னணி இசையும் இந்த மௌனத்துக்கு இடைஞ்சல் என்று அதையும் எடுத்துவிடச் சொன்னது.

ஆக, நீலமேகத்தின் புது சிங்கிளில் ஒன்றுமே இல்லை. அது முந்தைய பாட்டுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. மன்றத்தார் ஒலிபெருக்கி கட்டி நாள் முழுக்க ஓட்டினார்கள். அணில்கள் காலர் டியூனாக வைத்துக்கொண்டதில், கூப்பிட்டவர்கள் லைன் செத்துவிட்டது என்று நினைத்து நேரிலேயே வந்து சேர்ந்தார்கள். முன்பு மயிலைக் கிண்டலடித்த நரிகூட இந்தப் பாட்டில் அபஸ்வரமே இல்லை என்று ஒப்புக்கொண்டது.

படம் வந்தது. பகல் காட்சிக்குச் செல்லையா மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான். கொட்டகையில் உட்கார இடமில்லை. கடைசிக் காட்சி. திரையில் ஆளில்லாத அறை, அதில் அந்தப் பறவை. பாட்டு தொடங்கியது, அதாவது, சத்தம் நின்றது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் செல்லையா குலுங்கிக் குலுங்கி அழுதான்.

தங்கமாரி சுற்றிலும் பார்த்தாள். தன் வாழ்நாளில் இப்படி ஓர் அமைதி தனக்குக் கிடைத்ததில்லை. இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் அசையவில்லை, பெட்டி இல்லை, மயில் இல்லை. கணவன் காது ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவள் அலகைத் திறந்து பாடினாள். ஸ்டுடியோவில் அவள் அடக்கி வைத்த அந்தப் பாட்டு அவ்வளவும் வந்தது. இத்தனை காலமும் பாடியதில் அதுதான் மிக நல்ல பாட்டு. அதைப் பாடும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்வரிசையில் நாலு தலை திரும்பி உஸ்ஸென்றது. செல்லையா ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிறகால் அவள் அலகை மெல்லப் பொத்தினான்.

"சும்மா இரு புள்ள," என்றான் பிரியமாக. "அவரு பாடிக்கிட்டு இருக்காரு."

நீதி: திறமை இருந்தால் ஊர் ஒருநாள் கைதட்டியே தீரும். யாருக்கு என்று கேட்பது பேராசை.